வீட்டு முயலின் எடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி எடையைப் பற்றியவை. மீதிப் பாதியும் கொஞ்சம் விசாரித்தால் எடையில்தான் வந்து நிற்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு" என்று சொல்பவர்களிடம் "கடைசியாக எப்போது எடை போட்டீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்த முயல்களில் பலவும் திடீரென்று இறந்தவை அல்ல. வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒன்றிரண்டு முயல் வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. இறைச்சிக்கு வளர்க்கும் பண்ணைக் கணக்கு வேறு.

எங்க முயல் நல்லா ஓடியாடிட்டுதான் இருக்கு. அப்புறம் எதுக்கு எடை போடணும்?

முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி. கூட்டத்தில் எது சோர்ந்து தெரிகிறதோ அதுதான் முதலில் பிடிபடும். அதனால் உடம்பு சரியில்லாததைக் கடைசி வரை காட்டிக்கொள்ளாது. நாய்க்கு வலித்தால் முனகும். முயல் வலியோடு மூலையில் உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருக்கும், நாம் அது ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிகிற அளவு சோர்வு வரும்போது நோய் முற்றியிருக்கும்.

இன்னொன்று ரோமம். 2 கிலோ முயல் 150 கிராம் இளைத்தாலும் அடர்த்தியான ரோமத்துக்குள் அது தெரியாது. தினமும் பார்க்கிற உங்களுக்கு இன்னும் தெரியாது. எப்போதாவது வருகிற சித்தப்பாதான் "என்ன இப்படி இளைச்சுப் போச்சு?" என்று கேட்பார். தராசு அதை வாரங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

என்ன தராசு வாங்கணும்? நாம ஏறி நிக்கிற மெஷின் போதாதா?

போதாது. முயலைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறி, கழித்துப் பார்க்கிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அந்த மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் படிகளில்தான் காட்டும். நீங்கள் நிற்கிற நிலை சற்று மாறினாலே இன்னும் ஒன்றிரண்டு நூறு கிராம் மாறும். 2 கிலோ முயலுக்கு 100 கிராம் என்பது 5 சதவீதம். நாம் கண்டுபிடிக்க வேண்டியதே அந்த 5 சதவீதத்தைத்தான்.

சமையலறையில் மாவும் சர்க்கரையும் அளக்கிற டிஜிட்டல் தராசு போதும். 5 கிலோ வரை தாங்குவதும், ஒரு கிராமோ ஐந்து கிராமோ படி உள்ளதும் பார்த்து வாங்குங்கள். முயலோடு தொட்டியின் எடையும் சேரும், அதனால் முயல் 4 கிலோவுக்கு மேல் இருந்தால் 10 கிலோ தராசு வேண்டும். பெரிய ரகத்துக்குக் கைக்குழந்தைகளை எடை போடும் தட்டுத் தராசு வசதி. பெட்டி படுக்கையைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை நான் சொல்ல மாட்டேன். முயல் பையோடு அந்தரத்தில் ஆடி, மிரண்டு உதைக்கும்.

தராசே தப்பாகக் காட்டினால் எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றை அதற்கென்றே எடுத்து வையுங்கள். முயலை எடை போடும் முன் அதை வைத்துப் பாருங்கள். உறையோடு சேர்த்து 1,006 காட்டுகிறதா, சரி, ஒவ்வொரு முறையும் அதே 1,006 காட்டினால் தராசு நன்றாக இருக்கிறது. மாறினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

தராசுல ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது, குதிச்சு ஓடிடுது. என்ன பண்றது?

வெறும் தராசுத் தட்டில் எந்த முயலும் நிற்காது. வழவழப்பான பரப்பில் கால் வழுக்குவது அதற்குப் பெரிய பயம். முயல் உடம்பைக் குறுக்கி உட்காரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, சுவர் ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். உள்ளே மடித்த சணல் சாக்கோ பழைய துண்டோ போடுங்கள். தொட்டியைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் வரும். அதற்குப் பிறகு முயலை இறக்குங்கள்.

தூக்கும் முறை முக்கியம். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் அது ஓங்கி உதைக்கிற வேகத்தில் முதுகெலும்பே முறியலாம். தராசு எப்போதும் தரையில் இருக்கட்டும், சமையல் மேடையில் வேண்டாம்.

ஆரம்பத்தில் தொட்டியைக் கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். உள்ளே இரண்டு கொத்தமல்லித் தண்டு போட்டால் அதுவே ஏறி இறங்கிப் பழகும், தாடையைத் தேய்த்துத் தன் வாசனையையும் பூசிவிடும். அப்படிப் பூசிவிட்டால் தொட்டி அதற்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம். எடை போடும்போது முயல் அசைந்தால் எண் ஆடும். மூன்று முறை பார்த்து நடு எண்ணை எழுதுங்கள். தொட்டியில் சிறுநீர் போய்விட்டால் பதற வேண்டாம், அதுவும் தொட்டிக்குள்தானே இருக்கிறது, அந்த முறை எடை மாறாது. அடுத்த முறைக்கு முன் துடைத்துவிட்டு மறுபடி பூஜ்யமாக்குங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை எடை போடணும்? எந்த நேரத்துல?

நன்றாக இருக்கும் பெரிய முயலுக்கு வாரம் ஒருமுறை. கிழமையை நிர்ணயித்துக்கொண்டால் மறக்காது, ஞாயிற்றுக்கிழமை காலை பலருக்கும் ஒத்துவரும். காலையில் பெல்லட் (கடையில் கிடைக்கும் குச்சித் தீவனம்) வைப்பதற்கு முன் போடுங்கள். எந்த நேரம் என்பதைவிட எப்போதும் அதே நேரமா என்பதுதான் முக்கியம். ஒரு வாரம் காலையிலும் மறு வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் போட்டால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

மாதம் ஒருமுறை போதாதா என்றால், மாதத்துக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எடை எப்போது இறங்க ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. தினமும் போட வேண்டியது நோயில் இருக்கும் முயலுக்கும் பால் குடிக்கும் குட்டிகளுக்கும்தான். அவற்றுக்குத் தனிக் கேள்விகள் கீழே இருக்கின்றன.

எங்க முயல் எவ்வளவு எடை இருக்கணும்? ஏதாவது சார்ட் இருக்கா?

ரகத்தைப் பொறுத்தது. நெதர்லாந்து டுவார்ஃப் சுமார் ஒரு கிலோ, ஹாலந்து லாப் 1.8 கிலோ வரை, நியூசிலாந்து வெள்ளை 4 கிலோவைத் தாண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிற வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ரகங்களும் 4 கிலோவைத் தொடுகிற பெரிய முயல்கள்தான். நம் ஊர்ச் சந்தைகளிலும் கடைகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பு. "குட்டையாவே இருக்கும் சார்" என்று சொல்லி விற்ற குட்டி ஆறே மாதத்தில் 3 கிலோ ஆவது சாதாரணம். இளம் குட்டி எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும்.

அதனால் கலப்பு முயலுக்குச் சார்ட்டைத் தேடாதீர்கள். முயல் வளர்ந்து முடிந்து, நன்றாகச் சாப்பிட்டு, உடம்பைத் தொட்டுப் பார்த்ததில் சரியாக இருக்கும்போது (தொட்டுப் பார்ப்பது எப்படி என்பது பின்னால் வருகிறது) தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் அதன் எடை. நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். அப்புறம் எல்லா ஒப்பீடும் அதோடுதான். பக்கத்து வீட்டு முயல் எவ்வளவு இருந்தால் நமக்கு என்ன?

நேத்து 2,150 கிராம், இன்னைக்கு 2,090. ஒரே நாள்ல 60 கிராம் குறைஞ்சிருக்கு. பயப்படணுமா?

பெரும்பாலும் வேண்டாம். 2 கிலோ முயல் ஒரு நாளில் 100 முதல் 300 மில்லி வரை தண்ணீர் குடிக்கும், 100 மில்லி தண்ணீர் என்பதே 100 கிராம். குடித்தவுடன் போட்டால் ஒரு எண், சிறுநீர் கழித்தபின் போட்டால் வேறு எண். முயலின் குடலில் எப்போதும் நிறையத் தீவனம் நிறைந்திருக்கும். திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் மென்புழுக்கையை அது திரும்பச் சாப்பிடவும் செய்யும். இதெல்லாம் சேர்ந்து 2, 3 சதவீதம் மேலும் கீழும் ஆடுவது இயல்பு.

ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மறுநாள் அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். திரும்ப ஏறியிருந்தால் விட்டுவிடலாம். அங்கேயே நின்றாலோ இன்னும் இறங்கினாலோ அடுத்த கேள்விக்குப் போங்கள்.

சரி, எவ்வளவு குறைஞ்சா டாக்டர்கிட்ட போகணும்?

குறைந்த கிராமைப் பழைய எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 2,200 கிராம் முயல் 2,090 ஆனால் குறைந்தது 110 கிராம், அதாவது 5 சதவீதம். காரணம் தெரியாமல் 5 சதவீதம் குறைந்தால் அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். 10 சதவீதம் குறைந்தால் அன்றைக்கே போங்கள். முயல் நன்றாக ஓடுகிறது, கண் பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் அப்போது சமாதானம் ஆகாது.

ஏமாற்றுவது மெதுவான இறக்கம்தான். ஒரு முயலின் ஆறு வார எடை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2,240, 2,225, 2,200, 2,170, 2,135, 2,110. எந்த வாரத்தையும் அதற்கு முந்திய வாரத்தோடு ஒப்பிட்டால் 2 சதவீதத்துக்கும் குறைவு, முந்தைய பதிலில் சொன்ன இயல்பான ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். முதல் எண்ணோடு கடைசி எண்ணை ஒப்பிட்டால் 130 கிராம், கிட்டத்தட்ட 6 சதவீதம். அதைவிட முக்கியம், ஒரு வாரம்கூட ஏறவில்லை. இயல்பான ஆட்டம் என்றால் மேலேயும் போகும், கீழேயும் வரும். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே திசையில் இறங்கினால், மொத்தம் 5 சதவீதம் ஆகாவிட்டாலும், காரணத்தைத் தேட ஆரம்பியுங்கள். எண்ணை மனதில் வைத்திருந்தால் இது தெரியவே தெரியாது. தினசரி காலண்டர் தாளில் கிறுக்கினால் மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவோம். நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

எடை குறையுது, ஆனா நல்லாத்தானே சாப்பிடுது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலில் நான் கேட்பது: எதைச் சாப்பிடுகிறது? கிண்ணத்துக்கு ஓடி வருவதும் சாப்பிடுவதும் ஒன்றல்ல. பல்லில் கோளாறு உள்ள முயலுக்குப் பசி இருக்கும். ஓடி வரும், வாயில் எடுக்கும், நாலு தரம் மென்று கீழே போட்டுவிடும். மெத்தென்ற கீரையைத் தின்னும், காய்ந்த புல்லை ஒதுக்கும். பெல்லட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து ஒரு புல் தாள் வாய்க்குள் முழுதாகப் போகிறதா என்று பாருங்கள்.

முயலின் பற்கள் எல்லாமே ஆயுள் முழுக்க வளரும், முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். புல் போதாத முயலுக்குக் கடைவாய்ப்பல் கோணலாகத் தேய்ந்து முள் மாதிரி நீட்டிக்கொள்ளும். கீழ்ப்பல் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல் முள் கன்னத்தைக் கிழிக்கும். முன்பல்லை மட்டும் பார்த்து "பல்லு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல முடியாது, கடைவாய் உள்ளே இருப்பதால் டாக்டர் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வீட்டில் பார்க்கக்கூடியவை சில உண்டு: தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாகி ஒட்டியிருப்பது, முகம் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்பக்கம் சிக்குப் பிடித்திருப்பது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது. எடை இறங்குவதோடு இதில் ஒன்று இருந்தாலும் பல்லைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உண்மையாகவே நிறையச் சாப்பிட்டும் இளைத்தால் வேறு காரணங்கள். அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் போனால் சிறுநீரகம். குட்டிகளுக்குக் குடல் ஒட்டுண்ணி, அதிலும் ரத்தக்கழிச்சல் நோய். காது மடலிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டியிருந்தால் சொறி, அந்த அரிப்பிலேயே முயல் உருகிப்போகும். கருத்தடை செய்யாத, மூன்று நான்கு வயதுக்கு மேற்பட்ட பெண் முயலுக்குக் கருப்பைப் புற்று மிகவும் சகஜம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நேத்து ராத்திரியிலிருந்து சாப்பிடலை. ஆனா எடை அப்படியேதான் இருக்கு. காத்திருந்து பாக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தராசு வாரக்கணக்கில் வரும் நோயைக் காட்டும், மணிக்கணக்கில் வரும் நோயைக் காட்டாது. முயலின் குடல் ஓட்டம் நின்றுபோனால் உள்ளே போனது உள்ளேயே கிடக்கும், வெளியே புழுக்கை வராது, எடை குறையாது. வயிற்றில் நீரும் தீவனமும் தேங்கினால் கொஞ்சம் ஏறியும் காட்டும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம், இரவானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் வலி என்று பொருள். காது சில்லென்று இருந்தால் இன்னும் ஆபத்து. வயிறு பலூன் போல இறுகியிருந்தால் சிரிஞ்சில் எதையும் ஊட்டாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். இந்தக் காரணத்தால்தான் காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு நூறு, இருநூறு உருண்டைக்கு மேலே போடும். அளவு சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ, ரோமத்தில் கோத்த மாலையாக வந்தாலோ, தராசுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது.

எடை மாறலை. ஆனா தடவினா முதுகெலும்பு தட்டுப்படுது. எது உண்மை?

கை சொல்வதை நம்புங்கள். உடம்புக்குள் ஒன்று கரைந்து இன்னொன்று சேர்ந்தால் மொத்தம் மாறாது. முந்தைய கேள்வி ஒன்றில் சொன்ன கருப்பைக் கட்டி வளரும்போது முதுகுச் சதை கரையும், கட்டியின் எடை அதை ஈடுகட்டிவிடும். வயிற்றில் நீர் கோர்த்தாலும் இதே கதைதான்.

எடை போட்ட கையோடு தொட்டும் பாருங்கள். விலா எலும்பின் மேல் விரலை லேசாக ஓட்டினால் எலும்புகள் மெல்லிய சதைக்கு அடியில் உருண்டையாகத் தெரிய வேண்டும். அழுத்தினாலும் தெரியாவிட்டால் கொழுப்பு. தொட்டதும் கூர்மையாகக் குத்தினால் இளைப்பு. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை நிரம்பியிருக்க வேண்டும், பள்ளம் விழுந்திருந்தால் சதை போயிருக்கிறது. இடுப்பெலும்பு இரண்டும் வட்டமாகத் தெரிந்தால் நல்லது. மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், 3 சரியான உடம்பு. எண்ணுக்குப் பக்கத்தில் அந்த மதிப்பெண்ணையும் எழுதிவிட்டால் மாற்றம் பிடிபடாமல் போகாது.

எடை ஏறிக்கிட்டே போகுது. நல்லதுதானே?

வளர்ந்து முடிந்த முயலுக்கு நல்லதல்ல. குண்டு முயலால் பின்பக்கம் திரும்பி மென்புழுக்கையைச் சாப்பிட முடியாது. அது ஆசன வாயில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். உள்ளங்காலில் புண் வரும். பெண் முயலுக்குத் தொண்டைக்குக் கீழே மடிப்பு இருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் குண்டு என்று முடிவு செய்யாதீர்கள். தோளிலும் பின்பக்கத்திலும் மெத்தென்று கட்டியாகச் சதை சேர்ந்திருந்தால்தான் கொழுப்பு.

இரண்டு மூன்று வாரத்தில் சடசடவென்று ஏறினால் வேறு விஷயம். "ரெண்டுமே பொண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்ன ஜோடியில் ஒன்று ஆணாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. சினைக்காலம் 31 நாள்தான். வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு திரிந்து, தன் மார்பு ரோமத்தைத் தானே பிய்த்துக் கூடு கட்டினால் குட்டி வரப்போகிறது என்று தயாராகுங்கள். ஆண் முயல் இல்லாமலே பொய்ச்சினையும் வரும், அது இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

குண்டாயிடுச்சு. ரெண்டு நாள் பட்டினி போட்டா குறையுமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். முயலைப் பட்டினி போட்டால் குடல் ஓட்டம் நிற்கும், கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும், குண்டு முயல்தான் இதில் முதலில் சாகும். அறுவை சிகிச்சைக்கு முன்புகூட முயலைப் பட்டினி போடுவதில்லை.

பெல்லட்டைக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். ஒரு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் பெல்லட் போதும். குறைப்பதைச் சில வாரங்களில் மெதுவாகச் செய்யுங்கள். பிஸ்கட், சோறு, ரொட்டி வீட்டில் யார் கொடுத்தாலும் நிறுத்துங்கள், கேரட்டும் வாழைப்பழமும் விரல் நுனி அளவு போதும். அருகம்புல் தாராளமாகப் போடலாம். குதிரை மசால், வேலி மசால் சத்து அதிகமான தீவனம், குட்டிகளுக்கும் சினை முயலுக்கும் நல்லது, குண்டு முயலுக்கு அளவோடு போடுங்கள். வாரத்துக்கு 1, 2 சதவீதம் இறங்கினால் சரியான வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் உங்கள் திட்டம் ஜெயித்தது என்று நினைக்காதீர்கள், நோயாக இருக்கலாம்.

குட்டி முயலுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. குட்டிக்கு எடை குறைவதற்காகக் காத்திருக்கக் கூடாது, ஏறாமல் நின்றாலே கவலைப்பட வேண்டும். பிறந்த குட்டி 40 முதல் 60 கிராம் இருக்கும். தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறைதான் வந்து, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். அதனால் பால் கிடைத்ததா என்று தாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, ஏறுகிறதா என்று பாருங்கள். வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. சுருக்கம் விழுந்திருந்தால் இல்லை.

பால் மறக்கும் ஆறு, எட்டு வார வயதுதான் ஆபத்தான காலம். கடைகளில் அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து விற்றுவிடுகிறார்கள். வாங்கி வந்த நாளிலிருந்து இரண்டு வாரம் தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் ஏறாமல் நின்று, கூடவே புழுக்கை இளகலாக இருந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம், புழுக்கை மாதிரியோடு டாக்டரிடம் போங்கள். குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஒரே நாளில் உயிரை எடுத்துவிடும்.

கோடையில எல்லா முயலுக்கும் எடை குறையுமாமே?

கொஞ்சம் குறையும். முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 15 முதல் 21 டிகிரி வரை அதற்குச் சுகம், 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். நம் ஊரில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பகல் முழுக்க அப்படித்தான். பகலில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரவில் சாப்பிடும். அதனால் புல்லைச் சாயங்காலம் போடுங்கள், காலையில் போட்டது மதியத்துக்குள் வாடிவிடும். தண்ணீர் புட்டியின் நிப்பிளில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத முயல் சாப்பிடுவதையும் நிறுத்திவிடும். கோடையில் மண் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் வெயில் மேல் போட வேண்டாம். வெயிலால் வந்த இறக்கம் 2, 3 சதவீதத்தில் நின்று, மழை வந்ததும் ஏறிவிட வேண்டும். 5 சதவீதம் என்றால் மே மாதமானாலும் 5 சதவீதம்தான்.

ரெண்டு முயல் ஒரே கூண்டுல இருக்கு. கிண்ணம் தினமும் காலியாகுது. அது போதாதா?

கிண்ணம் காலியானது தெரியும், யார் காலி செய்தது என்று தெரியாது. ஜோடியில் ஒன்று அதிகாரம் செய்யும், மற்றது ஒதுங்கும். ஒன்று மெல்ல ஏற, மற்றது மெல்ல இறங்கினால் நோயாகவும் இருக்கலாம், பங்கு கிடைக்காததாகவும் இருக்கலாம். இரண்டு கிண்ணத்தை எதிரெதிர் மூலையில் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். இறங்கியது ஏறினால் பங்குத் தகராறு, ஏறாவிட்டால் மருத்துவம். இரண்டையும் ஒன்றாகத் தொட்டியில் வைத்துப் பாதியாக வகுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த எண்ணால் பயனில்லை.

எங்க முயலுக்கு ஏழு வயசு. வயசானா இளைக்கத்தானே செய்யும்?

வீட்டு முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை இருக்கும். வயதானால் சதை கொஞ்சம் கரையும், அதுவும் மாதக்கணக்கில் மிக மெதுவாக. "வயசாயிடுச்சு" என்று சொல்லி விட்டுவிட்ட பல முயல்களுக்குப் பல்லோ சிறுநீரகமோ மூட்டு வலியோதான் இருந்திருக்கிறது. மூட்டு வலிக்கிற முயல் உயரத்தில் தொங்கும் புல் தொட்டியை எட்டாது, அதனால் இளைக்கும். புல்லைத் தரையில் போட்டாலே சில முயல் தேறிவிடும். வயதான முயலுக்கு எடை போடும் தொட்டியின் சுவரைத் தாழ்வாக மாற்றுங்கள், வாரக் கணக்கை விடாதீர்கள்.

மருந்து கொடுத்துட்டு இருக்கோம். இப்பவும் எடை போடணுமா?

இப்போதுதான் தினமும் போட வேண்டும். மருந்தின் அளவே ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, குத்துமதிப்பான எடைக்குக் குத்துமதிப்பான மருந்துதான் கிடைக்கும். சிரிஞ்சில் ஊட்டுகிற முயலுக்கு, ஊட்டுவது போதுமா என்று சொல்லவும் தராசுதான் இருக்கிறது. எடை நின்றால் நல்ல தொடக்கம். ஏறத் தொடங்கிய பிறகும் பழைய எண்ணை எட்டும் வரை விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நாய், பூனைக்குச் சரியான சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோகும். கிளிண்டாமைசின், லின்கோமைசின் அதைவிட மோசம். உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

எங்க ஊர்ல முயல் பார்க்கிற டாக்டரே இல்லை. எடை எழுதி என்ன பிரயோஜனம்?

அப்படிப்பட்ட ஊரில்தான் அந்த நோட்டு அதிகம் உதவும். மாடும் நாயும் பார்த்துப் பழகிய டாக்டரிடம் "டல்லா இருக்கு சார்" என்று சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. "ஐந்து வாரத்தில் 130 கிராம் இறங்கியிருக்கிறது, காய்ந்த புல்லை மட்டும் ஒதுக்குகிறது, தாடை ஈரமாக இருக்கிறது" என்று சொன்னால் அவரே கடைவாயைப் பார்ப்பார், தேவைப்பட்டால் பெரிய இடத்துக்கு அனுப்புவார். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முயல் நன்றாக இருக்கும்போதே உங்களுக்கு எது பக்கம் என்று பார்த்து, முயலைப் பார்ப்பார்களா, எந்த நேரம் பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது நோட்டு, அன்றைய புழுக்கை ஒரு கவரில், அது சாப்பிடுகிற புல் ஒரு கைப்பிடி. ஜோடி முயல் இருந்தால் இரண்டையும் கொண்டு போகலாம், துணை பக்கத்தில் இருந்தால் மிரளாது. வெயிலுக்கு முன் கிளம்புங்கள். மதியம்தான் போக முடியும் என்றால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூடையில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டுத் தராசில் ஒருமுறை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் தராசு கன்றுக்குட்டிக்கானதாக இருக்கலாம், அதில் 50 கிராம் வித்தியாசம் தெரியாது.